எல்.கே.ஜி.க்கு எதுக்குங்க மிட்-டெர்ம்? கொங்குப் பகுதி நர்சரி பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் நர்சரி பள்ளியும் மெட்ரிக் பள்ளியும் நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கமுங்க.

அடுத்த வருசத்துக்கான டைம்டேபிளும் தேர்வு அட்டவணையும் போட நீங்கள் உட்காரும் நேரம் இது. டைரி அச்சுக்குப் போய்விட்டால் அப்புறம் யார் வந்து சொன்னாலும் எதுவும் மாறாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளின் பள்ளி நாளை அவர்கள் வயசுக்குத் தக்கபடி மாற்றிப் போடுங்கள். அவர்களுக்கு வைக்கும் எழுத்துத் தேர்வையும் ரேங்க் கார்டையும் டைரியிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நான் கோவை அவினாசிலிங்கத்தில் மனையியல் படித்துவிட்டு மழலையர் வகுப்புகளில் மிஸ்ஸாக இருந்தவள். இப்போது பள்ளி பள்ளியாகப் போய் மிஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் வேலையாக எல்.கே.ஜி. டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். காலையில் பிரேயர். அப்புறம் நாற்பது நிமிசம் இங்கிலீஷ், நாற்பது நிமிசம் மேத்ஸ், பத்து நிமிச இடைவேளை, தமிழ், ஈ.வி.எஸ்., சாப்பாடு, ஹிந்தி, ரைட்டிங், ஜி.கே. மூன்றரைக்கு பெல். ஆறாம் வகுப்பு டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. விளையாட்டுக்கு வாரத்தில் இரண்டு பீரியட் இருக்கும். தை பிறந்தால் அதையும் ஆண்டு விழா டான்ஸ் பிராக்டீஸ் எடுத்துக்கொள்ளும்.

இது எங்கிருந்து வந்தது என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மார்க்குக்குப் பேர் போனவை. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருசம் உருட்டியது, வெளி மாவட்டத்துக்காரர்கள் ‘பிராய்லர் பள்ளி’ என்று கிண்டலடித்தது, அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025இல் அது எடுக்கப்பட்டது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த ஓட்டம் படிப்படியாகக் கீழே இறங்கியிருக்கிறது. பிளஸ் டூவுக்காகப் பத்து, பத்துக்காக எட்டு என்று இறங்கி வந்து, ஒன்றாம் வகுப்புக்கு யு.கே.ஜி.யில் தயார் செய்கிறோம், யு.கே.ஜி.க்கு எல்.கே.ஜி.யில் தயார் செய்கிறோம், எல்.கே.ஜி.க்கு பிரி-கே.ஜி.யில். பிரி-கே.ஜி.க்கு எங்கே தயார் செய்வது என்பதுதான் பாக்கி.

வயசுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நம் மாநிலத்தில் சேர்க்கைக்கு ஜூலை 31ஐ வைத்துத்தான் வயசு பார்க்கிறோம். முந்தின ஆகஸ்டில் பிறந்ததும் இந்த ஜூலையில் பிறந்ததும் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குப் பதினோரு மாச வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மூன்று வயசுப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த வாழ்வில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, ஆகஸ்ட் பிள்ளைக்கு ‘ஏ பிளஸ்’, ஜூலை பிள்ளைக்கு ‘இன்னும் முயற்சி தேவை’ என்று போட்டுக் கொடுக்கிறோம். அந்த அட்டையில் நாம் அளந்து எழுதுவது பாதிக்கு மேல் பிறந்த தேதியைத்தான். அதை வாங்கிக்கொண்டு போகிற அம்மாவுக்கு இது தெரியாது. “எம்புள்ள மந்தமுங்களா மிஸ்?” என்று கேட்டு வாசலில் நிற்கிற அம்மாக்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் மிஸ்கள் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது கை. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே எலும்பே தெரியாது. எட்டுச் சிறு எலும்புகளும் குருத்தெலும்பாக இருக்கும். வருசத்துக்கு ஒன்று என்கிற மாதிரி ஒவ்வொன்றாக இறுகும். கடைசி எலும்பு இறுகுவதற்கு எட்டு வயசைத் தாண்டிவிடும். கோடு போடுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. மூன்று வயசில் பார்த்து வட்டம் போடும். நான்கில் கூட்டல் குறி. நான்கரை வாக்கில் சதுரம். சாய்கோடு கைக்கு வந்து முக்கோணம் போட ஐந்து ஆகும். நாம் என்ன செய்கிறோம்? ஜூன் மாசமே கேப்பிட்டல் ‘ஏ’யில் ஆரம்பிக்கிறோம், அது முழுக்கச் சாய்கோடு. தமிழில் ‘அ’வில் ஆரம்பிக்கிறோம், அது முழுக்கச் சுழி. நேர்கோடு மட்டுமே வேண்டிய ‘ட’வும் ‘ப’வும் எங்கோ பின்னால் வரிசையில் நிற்கின்றன. பென்சிலை முஷ்டியாகப் பிடித்து, நாக்கை வெளியே நீட்டி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதுகிற பிள்ளையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொள்கிறோம், கை தாங்காத வேலை அது.

கை பழக வேறு வேலை வேண்டும். நிலக்கடலை உரிக்கட்டும். சப்பாத்தி மாவு பிசையட்டும். ஈரத் துணியைப் பிழியட்டும். திருப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னும் சௌகரியம். பனியன் கம்பெனி வாசலில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கிழிக்க, முறுக்க, முடிச்சுப் போட, நிறம் பிரிக்க அதைவிட நல்ல சாமான் எந்த கேட்லாக்கிலும் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கின ‘கிட்’ பல பள்ளிகளில் பிரின்சிபால் அறை அலமாரியில் கவர் பிரிக்காமல் இருக்கிறது, அது வேறு கதை.

இனி, நான் அதிகம் மல்லுக்கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். தூக்கம்.

திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் விளக்க வேண்டாம். காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குப் போன அம்மா ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவாள். வீடு வந்து சோறாக்கி, பிள்ளைக்கு ஊட்டி, உங்கள் பள்ளி கொடுத்த ஹோம்வொர்க்கை முடிக்க வைத்துப் படுக்கப் போடப் பத்தரை ஆகும். சோமனூர்ப் பக்கம் என்றால் தறி ஓடுகிற சத்தம் வேறு. உங்கள் வேன் முதல் டிரிப் ஏழேகாலுக்கு வீதி முனையில் ஹாரன் அடிக்கும்; அதற்கு ஆறேகாலுக்காவது பிள்ளையை எழுப்ப வேண்டும். ஆக ஏழே முக்கால் மணி நேரத் தூக்கம். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குறைகிற இரண்டே கால் மணி நேரம் மதியம் ஹிந்தி பீரியடில்தான் வெளியே வரும். தலை ஆடும். எழுப்பி மூஞ்சி கழுவிவிட்டு உட்கார வைப்போம். மறுபடியும் ஆடும். “வகுப்பில் கவனம் இல்லை” என்று டைரியில் எழுதி அனுப்புவோம்.

அந்த அம்மாவின் ஷிப்டை உங்களால் மாற்ற முடியாது. ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மதியத்தை மாற்ற முடியும். சாப்பாடு முடிந்து பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டு மணி வரை படுக்க விடுங்கள். பவானி ஜமக்காளம் நாலு வாங்கிப் போட்டால் ஒரு வகுப்பே படுக்கும், காலையில் வட்டமாக உட்காரவும் அதுவே ஆகும். தூக்கம் வராத பிள்ளை படப் புத்தகம் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கட்டும். “தூங்குறதுக்கா ஃபீஸ் கட்டறோம்?” என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கிறவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்கிறார் என்று நீங்களும் கேட்கலாம்.

மற்ற நேரத்தை எப்படிப் போடுவது? இதற்கென்று பெரிய சூத்திரம் எதுவும் கிடையாது. ஓடியாடின பிறகு உட்காருகிற வேலை. மிஸ் நடத்துகிற வேலைக்குப் பிறகு பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிற வேலை. மிஸ் நடத்துவது எதுவும் பதினைந்து, இருபது நிமிசத்தைத் தாண்டக் கூடாது. தினமும் ஒரே வரிசை. இந்தக் கடைசி விஷயத்தைப் பெரியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறோம். மூன்று வயசுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. கதைக்கு அப்புறம் வெளியே போவோம், வெளியே போய் வந்தால் கை கழுவுவோம், கழுவினால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம், எழுந்தால் அம்மா. இந்த வரிசைதான் அதற்குக் கடிகாரம். படமாக வரைந்து அதன் கண் உயரத்தில் ஒட்டிவிட்டால் முதல் மாச அழுகை வெகுவாகக் குறையும்.

காலை நேரத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முதல் டிரிப் வேன் எட்டேகாலுக்கு வந்து இறக்கிவிடும், இரண்டாவது டிரிப் ஒன்பதுக்கு. முதல் டிரிப் பிள்ளைகள் அந்த முக்கால் மணி நேரமும் வாயில் விரல் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆயாம்மா ஒருவர் காவல். ஒரு நாளின் நல்ல நேரமே அதுதான், பிள்ளை அப்போதுதான் தெம்பாக இருக்கும். ஒரு மூலையில் சொப்புச் சாமான், ஒரு மூலையில் மரக்கட்டைகள், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டியும் டம்ளர்களும் வைத்துவிட்டால் வரவரப் போய் உட்கார்ந்து விளையாடும். ஆயாம்மாவும் நிம்மதியாக இருப்பார். ஒன்பதரைக்கு வட்டம், பாட்டு, கதை. பத்து மணிக்கு வெளியே. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குக் கொடுப்பினை. பல்லடம், உடுமலை பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்றாலை கண் முன்னாலேயே சுற்றுகிறது. காகிதக் காத்தாடி செய்து கொடுத்து ஓடவிட்டால் ஒரு வாரத்துக்கு வேறு பாடமே வேண்டாம். உடம்பு அசைகிற நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி, அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியடை வைத்து அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

பாத்ரூம் போவதும் சாப்பிடுவதும் பாடத்துக்கு நடுவில் வருகிற இடைஞ்சல் என்று நினைப்பதை விட்டாலே பாதி பிரச்சினை தீரும். பெல் அடித்ததும் நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தினால் நாலு பிள்ளை நனைத்துக்கொண்டுதான் திரும்பும். ஐந்தைந்து பேராக அனுப்பலாம். ஜிப்பைத் தானே இழுக்கட்டும், கையைத் தானே கழுவட்டும். டிபன் பாக்ஸில் அரிசிம்பருப்புச் சோறு வந்திருந்தால் தானே அள்ளி, இறைத்து, மீதியைத் தின்று, இறைத்ததைத் தானே கூட்டட்டும். அதற்கு நாற்பது நிமிசம் ஆகும். கொடுங்கள்.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று தோன்றினால் உங்கள் பள்ளி வீதியிலேயே இருக்கும் பால்வாடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1975இல் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமே இருக்கிறது. இடம் போதாது, ஒரே டீச்சர், எடை பார்க்கிற வேலையும் ரிஜிஸ்டர் வேலையும் அவருக்கேதான், எல்லாக் குறையும் உண்டு. ஆனால் அங்கே பிள்ளை மதியம் தூங்குகிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். ஒரு பள்ளியில் யு.கே.ஜி. ஓரல் டெஸ்ட் நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் சொன்னான். பத்துக்குப் பத்து. மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு, அவன் முன்னால் புளியங்கொட்டைகளைக் குவித்து, “கண்ணு, இதுல ஏழு எடுத்துக் குடு பாக்கலாம்” என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தான். “இது ஏழா?” என்றேன். “ம்” என்று தலையாட்டினான். நூறு அவனுக்கு ஒரு பாட்டு. நன்றாகவே பாடினான். ஆனால் ஏழு என்றால் எவ்வளவு என்பது இன்னும் அவனுக்குள் வரவில்லை. அந்த வயசில் அது வராமல் இருப்பது ஒரு குறையும் இல்லை, விளையாட்டிலேயே சில மாதங்களில் வந்துவிடும். ஆனால் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டதால் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. அடுத்த டெர்மில் அவனுக்குக் கூட்டல் கணக்கு.

அதே வகுப்பில் ஒடியா பேசுகிற ஒரு பிள்ளை இருந்தாள். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஓரல் டெஸ்டில் வாயே திறக்கவில்லை, பூஜ்யம். டெஸ்ட் முடிந்து நான் போட்ட துணித் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து, அப்புறம் ஒவ்வொரு நிறத்திலும் பெரிது சிறிது பார்த்து அடுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மார்க் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

தேர்வு வேண்டாம் என்றால் மதிப்பீடே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பார்த்து எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளை என்றால் ஒரு நாளைக்கு நான்கு பேரை மட்டும் மிஸ் கவனித்து எழுதினால் போதும்; இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் வந்துவிடுவார்கள். எழுதுவது எப்படி என்பதில்தான் பயிற்சி வேண்டும். “நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்” என்று எழுதினால் அது மிஸ்ஸின் அபிப்பிராயம். “தண்ணீர்த் தொட்டியில் சின்ன டம்ளரால் மொண்டு பெரிய டம்ளரை நிரப்பினாள். மூன்றாவது ஊற்றும்போது ‘போதும், வழிஞ்சிரும்’ என்று தானே நிறுத்தினாள்” என்று எழுதினால் அதில் எண்ணிக்கை, அளவு, கைப்பழக்கம், பேச்சு நான்கும் இருக்கிறது. கூடவே மாசத்துக்கு ஒரு படம், தேதி போட்டு ஃபைலில். ஜூனில் கிறுக்கின வட்டமும் பிப்ரவரியில் கண், கை, கால் வைத்து வரைந்த அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எந்த அப்பாவுக்கும் விளக்கம் வேண்டாம். மிஸ்ஸுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். இப்போது தினமும் சாயங்காலம் நாற்பது நோட்டில் புள்ளி வைத்து எழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, அந்த நேரம்தான்.

மதிப்பீடு என்று ஒன்று உண்மையிலேயே அவசரமாகத் தேவைப்படுகிற இடமும் இருக்கிறது. காது, கண், பேச்சு. 2013இல் வந்த தேசிய சிறார் நலத்திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருசம் இரண்டு தடவை போகிறது, அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு தடவை. தனியார் நர்சரி அந்த வட்டத்துக்குள் இல்லை. ஆக, பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்குக் கிடைக்கிற பரிசோதனை, ஃபீஸ் கட்டி உங்களிடம் வருகிற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. ஒரு காது சரியாகக் கேட்காத பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து நாலு டிக்டேஷன் டெஸ்ட் வைத்து நாலிலும் ஃபெயில் போடுகிற பள்ளிகள் இருக்கின்றன. அது படிப்புக் குறைவு இல்லை என்று ஒன்றாம் வகுப்பில்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள். இப்படிப்பட்ட குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவுகிற இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன. அனுப்பி வைக்கத்தான் ஆளில்லை.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2022இல் வந்த அடிப்படை நிலைக்கான (மூன்று முதல் எட்டு வயசு வரை) தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இந்த வயசுக்குத் தேர்வு முற்றிலும் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அது தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்தது, தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்களில் பலர் அதே வளாகத்தில் சி.பி.எஸ்.இ. போர்டும் மாட்டியிருக்கிறீர்கள், அந்தப் பள்ளிக்கு அது பொருந்தும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கே ஹோம்வொர்க் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது 2020 பள்ளிப் பைக் கொள்கை. “பெரிய ஸ்கூல்ல ஒன்றாம் வகுப்புக்கு டெஸ்ட் வைக்கிறாங்க, அதுக்குத் தயார் பண்ண வேண்டாமா?” என்பது நான் அதிகம் கேட்கிற பதில். அப்படி வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். சட்டப்படி நடக்கக் கூடாத ஒரு டெஸ்டுக்காக மூன்று வயசுப் பிள்ளையை இரண்டு வருசம் தயார் செய்கிறோம்.

“பெத்தவங்க கேக்கறாங்களே” என்பது கடைசி பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளை கர்சிவ் எழுதுகிறது, நம் பிள்ளை மண்ணில் விளையாடுகிறது என்றால் அட்மிஷன் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. வேன் கடன், கட்டடக் கடன் எல்லாம் உங்களுக்குத்தான் இருக்கிறது, எனக்கில்லை. ஆனால் பெற்றோருக்கு நாம் நோட்டைத் தவிர வேறு எதையும் காட்டியதில்லை, அதனால் நோட்டைக் கேட்கிறார்கள். ஜூன் மாசப் பெற்றோர் கூட்டத்தில் பி.பி.டி. போடுவதற்குப் பதில் புளியங்கொட்டையைக் கொண்டு போய் வையுங்கள். நூறு சொல்கிற தங்கள் பிள்ளையை ஏழு எடுத்துத் தரச் சொல்லி அவர்களே கேட்டுப் பார்க்கட்டும். ஹோம்வொர்க் கிடையாது என்று சொன்னால் ஒன்றரை ஷிப்ட் அம்மாக்கள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்களும் பெற்றவர்கள்தானே. மீட்டிங்குக்கு வர லீவு கிடைக்காததால் அவர்கள் குரல் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே வருசத்தில் மாற்றச் சொல்லவில்லை. டைரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பக்கங்களை மட்டும் அச்சுக்கு அனுப்பாமல் பத்து நாள் நிறுத்தி வையுங்கள். உங்கள் மிஸ்களை உட்கார வைத்து, மதியம் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் தலை சாய்கிறது என்று மட்டும் கேளுங்கள், டைம்டேபிள் அவர்களே போட்டுக் கொடுப்பார்கள். ஜூலையில் முதல் மிட்-டெர்முக்கு ஒதுக்கியிருக்கும் நாட்களில் பக்கத்து அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடமோ பேசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் காதும் கண்ணும் பார்த்துவிடுங்கள். அந்த முடிவைப் பெற்றோர் கையில் கொடுங்கள். அந்த டெர்முக்கு அதுவே ரிப்போர்ட் கார்டாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மழலையர் வகுப்பு மிஸ்,
திருப்பூர்.